சனிக்கிழமைத் தாள்

லோத்குண்டா
6 ஜூலை 2024

அன்புள்ள தம்பி கலேப்புக்கு, மதினி ஆனி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. உன் இரத்தக் கொதிப்பு எவ்வளவு இருக்கிறது? ‘பரவாயில்லை’ என்று எழுதாதே. எண்ணோடு எழுது.

நீ போனில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே சத்தமாக்கிவிடுகிறது. கீழ்வீட்டு மிக்ஸியும் நீயும் எனக்கு ஒன்றுதான். இனி எழுது. தபால்காரர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

உன் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் வாரச் செய்தித் தாள்கள் மூன்றும் வந்தன. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். எர்ரவாகு மாதிரி ஓர் ஊரில், மிஷன் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதிக் காலைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள் என்றால் அது பெரிய காரியம். அதனால்தான் திருத்துகிறேன். உதவாததை நான் திருத்துவதில்லை. உன் அண்ணன் எழுதிய கவிதைகளைத் திருத்தினேனா?

பிழைகளை விடு. செய்தியே செய்தியாக இல்லை. ‘பலர் மரம் நட்டனர்.’ எத்தனை பேர், எத்தனை மரம்? ‘கோகோ போட்டி மிகச் சிறப்பாக நடந்தது.’ அதே தாளில் அன்று முழுவதும் மழை என்றும் இருக்கிறது. ‘எல்லா மாணவர்களும் கூட்டத்தில் கலந்துகொண்டனர்.’ எந்தப் பள்ளியிலும் எந்த நாளிலும் எல்லா மாணவர்களும் வந்ததில்லை. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஒருவர் ‘பல’ என்ற சொல்லுக்கு அரை மதிப்பெண் குறைப்பார். ஒவ்வொரு தாளிலும் பெயர், நாள், எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணி எழுதச் சொல். சரியாக இருந்தால் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பள்ளியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாய். சமைக்கவாவது கற்றிருக்கலாம்.

அன்புடன்,
ஆனி ஐசக்


மிஷன் உயர்நிலைப் பள்ளி
எர்ரவாகு
21 ஜூலை 2024

அன்பும் மரியாதையும் உள்ள மதினிக்கு, கலேப் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நலம். கொதிப்பு நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்று நான்கு. கேட்டதால் எழுதினேன். கவலைப்படாதீர்கள்.

நீங்கள் திருத்திய தாள்களை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தோம். இடைவேளையில் அங்கே ஒரே கூட்டம். இவ்வளவு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. தாளை எழுதுகிறவள் சிரீஷா. ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஊர்க்காரர் ஒருவருடைய டிராக்டர் ஓட்டுகிறார். மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறாள். மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேரே என் மேஜைக்கு வந்து, அந்த மேடத்துக்குக் கோபமா, பிரியமா என்று தெலுங்கில் கேட்டாள். பத்து வயதில் உங்கள் வீட்டுக்கு வந்த நானே நாற்பத்தொன்பது வருடமாக அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றேன்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வருவதும் போவதும் மழையையும் வயலையும் பொறுத்தது. எண் இல்லாமலே விட்டால் வாசிக்க நன்றாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சிரீஷா நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். நேற்று ஜெபம் முடியும்வரை காத்திருந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு தலையாக எண்ணினாள். முதல் தடவை எழுபது, இரண்டாம் தடவை அறுபத்தொன்பது. குறைந்தவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான் என்று அதையும் தாளில் எழுதியிருக்கிறாள். பாருங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

அன்புள்ள கொழுந்தன்,
கலேப்


லோத்குண்டா
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கலேப்புக்கு, ஆண்டவர் பெலன் தருவாராக. இங்கே சுகம். நூற்றைம்பது என்பது கவலைப்படாமல் இருக்கிற எண் அல்ல. உப்பைக் குறை. ஊறுகாயை யாருக்காவது கொடுத்துவிடு.

தண்ணீர் குடிக்கப் போனவனைப் பற்றி எழுதியிருக்கிற அந்தப் பெண்ணிடம் சொல், அந்த ஒரு வரிக்காக அந்தத் தாளில் வேறு எதையும் நான் திருத்தவில்லை. அவள் செய்தி எழுதக் கற்றுவிட்டாள். சுதந்திர தினத் தாளும் நன்றாக இருந்தது. அணிவகுப்பில் அறுபத்தாறு பேர், கொடிக் கயிறு சிக்கிக்கொண்டது நான்கு நிமிடம், சிறப்பு விருந்தினர் பேசியது ஐம்பது நிமிடம், மயங்கி விழுந்தவர்கள் இருவர். இதற்கு மேல் என்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிரேஸ் ஒரு விஷயம் சொன்னாள். என்னோடு கான்வென்ட்டில் படித்த கிரேஸ்தான். அவள் மகன் இப்போது நம் மிஷன் கல்வி போர்டில் செயலாளர். சின்னக் கிராமத்துப் பள்ளிகளை மூடப் போகிறார்களாம். மார்ச்சில் முடிவு எடுப்பார்களாம். இதை நான் தேவாலய வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டுமா? உனக்குத் தெரியாமல் இருக்காது. உன் பதிவேட்டில் எத்தனை பேர்?

உடனே எழுது.

ஆனி


எர்ரவாகு
13 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு, கலேப் ஸ்தோத்திரம். பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்கு மன்னியுங்கள். நடுவில் காலாண்டுத் தேர்வு, பிறகு தசரா விடுமுறை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொதிப்பு நூற்றைம்பத்திரண்டு. ஊறுகாயைச் சத்துணவு சமைக்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

கிரேஸ் அம்மா சொன்னது உண்மைதான். பதிவேட்டில் எழுபத்தைந்துக்குக் குறைவான பள்ளிகளை மூடி, பிள்ளைகளை அடுத்த பள்ளியில் சேர்ப்பார்கள். நமக்கு அடுத்தது பதினான்கு கிலோமீட்டர். ஒரே பேருந்து, அதுவும் பள்ளி தொடங்கிய பிறகு, பத்தரை மணிக்கு. ஆனால் நம் பதிவேட்டில் தொண்ணூற்றொன்று பேர் இருக்கிறார்கள். ஆகையால் பயமில்லை.

தொண்ணூற்றொன்றில் அறுபதுதானே கூட்டத்தில் நிற்கிறது என்று கேட்பீர்கள். பருத்தி எடுக்கிற காலம். பெற்றோரோடு போகிறார்கள். சங்கராந்தி கழித்து வந்துவிடுவார்கள்.

சிரீஷாவின் வகுப்பு அடுத்த வருடம் பத்தாவது. அவர்கள் 2026 மார்ச்சில் தேர்வு எழுதுவார்கள், நான் ஏப்ரலில் ஓய்வு பெறுவேன். அதுவரை பள்ளி நின்றால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவள் அக்காவை எட்டாவதோடு நிறுத்தி, உங்கள் பக்கத்துக் குஷாய்குடாவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இவளையும் பதினான்கு கிலோமீட்டர் அனுப்புகிற வீடு இல்லை அது.

பதுக்கம்மா விழாவில் பெண் பிள்ளைகள் செய்த பூ அடுக்கு என் இடுப்பு உயரம். சிரீஷா அளந்து எழுதியிருக்கிறாள். வட்டம் கட்டி ஆடியவர்கள் முப்பத்தொன்று.

கால்களைக் குளிரில் மூடி வையுங்கள்.

கலேப்


லோத்குண்டா
9 நவம்பர் 2024

அன்புள்ள கலேப்புக்கு, கர்த்தர் உன்னைக் காப்பாராக. எனக்குச் சளி பிடித்து விட்டது. மற்றபடி சுகம். நூற்றைம்பத்திரண்டு, நூற்றைம்பதைவிட அதிகம். இது உனக்குத் தெரிய வேண்டும், தலைமை ஆசிரியரானாலும் நீ கணக்கு வாத்தியார்.

2ஆம் தேதித் தாளில் ஒரு தவறு. மொத்தம் நாற்பத்தொன்பது என்று இருக்கிறது. வகுப்பு வாரியாகக் கொடுத்திருப்பதைக் கூட்டினால் நாற்பத்தெட்டுதான் வருகிறது. அடித்துத் திருத்தியிருக்கிறேன். சிரீஷாவைத் திட்டாதே. தீபாவளி முடிந்த கையோடு யாருக்குமே தலை சரியாக இருப்பதில்லை.

தொண்ணூற்றொன்றில் நாற்பத்தெட்டு. அந்தப் பெற்றோரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். பருத்தி அடுத்த வருடமும் காய்க்கும். பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு மறுபடி வருமா? நான் அங்கே இருந்திருந்தால் ஒவ்வொரு வயலாக இறங்கியிருப்பேன், முழங்கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு யோசனை இருக்கிறது. நடந்த பிறகு சொல்கிறேன்.

ஆனி


எர்ரவாகு
22 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு, கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். உங்கள் சளி போயிற்றா? இங்கே காலையில் மூடுபனி. பிள்ளைகள் வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். கொதிப்பு பார்க்கவில்லை. கருவியில் மின்கலம் தீர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் நாடகம் வெள்ளிக்கிழமை நடந்தது. சாஸ்திரிகள் மூன்று பேரில் இருவர் வயலுக்குப் போய்விட்டதால் ஒரே சாஸ்திரி பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் சுமந்துகொண்டு வந்தான். மற்ற இரண்டு பேரும் வழியில் இருக்கிறார்கள் என்று அவனே ஏரோதுவிடம் சொல்லிவிட்டான். நாடகத்தில் இல்லாத வசனம். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

மதினி, ஒன்று கேட்கிறேன். சங்கராந்தி வரை தாளில் எண்ணிக்கை இல்லாமல் விடலாமா? பிள்ளைகள் குறைவாக இருக்கிற சமயத்தில் அதை வாரா வாரம் வாசிப்பது வந்த பிள்ளைகளுக்கே ஒரு மாதிரி இருக்கிறது. நேற்று நாற்பத்துநான்கு. சிரீஷாவிடம் நான் சொன்னால் கேட்க மாட்டாள், மேடம் சொன்னார்களா என்பாள். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

புது வருடத்தில் உங்களுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்.

கலேப்


லோத்குண்டா
18 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி கலேப்புக்கு, புது வருட வாழ்த்துகள். சளி போய்விட்டது. மின்கலம் வாங்கினாயா?

எண்ணிக்கையை எடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். குறைந்திருக்கிறது என்பதற்காக எண்ணுவதை நிறுத்துவதா? நீயா இதைக் கேட்கிறாய்?

இப்போது என் யோசனையைக் கேள். ஜூனிலிருந்து வந்த இருபத்தாறு தாள்களையும் நான் திருத்திய பிறகு, உனக்கு அனுப்பும் முன் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். அவற்றை ராணிகஞ்சில் கொடுத்து நீலக் காலிக்கோத் துணியில் பைண்டு செய்தேன். முகப்பில் பொன் எழுத்தில் பள்ளியின் பெயர். பத்தாம் தேதி ஆட்டோ பிடித்து போர்டு அலுவலகத்துக்கே போய் கிரேஸின் மகன் கையில் கொடுத்தேன். அவனுக்கு நான் வருவேன் என்று தெரியாது. “அரே ஆன்ட்டி, எதுக்கு இவ்ளோ சிரமம், போன் பண்ணியிருந்தா நானே ஆள் அனுப்பியிருப்பேன்ல” என்று எழுந்து நின்றான். சின்ன வயதில் மூக்கு ஒழுக நிற்பான். இப்போது நன்றாக உடுத்துகிறான்.

ஒரு கிராமத்துப் பள்ளியை மூடுவதற்கு முன் அங்கே என்ன நடக்கிறது என்று வாசிக்க வேண்டும் என்றேன். இதில் ஒரு வரி மிகை கிடையாது, ஒவ்வோர் எண்ணும் நான் சரிபார்த்தது, என் கையெழுத்து இருக்கிறது என்றும் சொன்னேன். இரண்டு பக்கம் புரட்டினான். தண்ணீர் குடிக்கப் போனவனைப் படித்துச் சிரித்தான். பிறகு வேறு சில பக்கங்களை நிதானமாகப் பார்த்தான். மார்ச் கூட்டத்தில் வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

வேறு எந்தப் பள்ளிக்கு இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது? உன் அண்ணன் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சிரீஷாவிடம் சொல், அவள் எழுதியது பொன் எழுத்துப் போட்ட அட்டைக்குள் இருக்கிறது.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஆனி


லோத்குண்டா
1 மார்ச் 2025

அன்புள்ள கலேப்புக்கு, சுகமாக இருக்கிறாயா?

நான் எழுதி ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தாளும் இல்லை. போன மாதம் இரண்டு கார்டு போட்டேன். கீழ்வீட்டுப் பெண்ணை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். நீ எடுத்து, நலமாக இருக்கிறேன், எழுதுகிறேன் என்று சொன்னாயாம். குரல் எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டேன். குரல் மாதிரிதான் இருந்தது ஆன்ட்டி என்கிறாள்.

நான் உன்னிடம் கேட்காமல் போர்டுக்குப் போனது பிடிக்கவில்லையா? உனக்காகச் சிபாரிசு கேட்கப் போனேன் என்று யாராவது சொன்னார்களா? உன் பெயரையே நான் எடுக்கவில்லை.

சங்கராந்தி முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பருத்திக்குப் போன பிள்ளைகள் வந்துவிட்டார்களா?

நேற்று மேஜையில் பழைய தாள்களின் ஜெராக்ஸ் மறு பிரதி இருந்தது. ஜூலை கடைசி வாரமே தொண்ணூற்றொன்றில் அறுபத்தெட்டு என்று இருக்கிறது. ஜூலையில் பருத்தி எடுக்க மாட்டார்களே, செடியே அப்போதுதானே வளரும்.

எழுது.

ஆனி


எர்ரவாகு
16 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு, கலேப் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வெயில் ஆரம்பித்திருக்கும். மோர் நிறையக் குடியுங்கள்.

பிப்ரவரி 6ஆம் தேதி போர்டிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் வந்தார்கள். ஒருவர் கையில் நீலப் புத்தகம் இருந்தது. அழகாக பைண்டு செய்திருக்கிறார்கள். கூட்டத்தை நிறுத்தி வைத்து, பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு பேர் ‘பிரசென்ட்’ சொன்னார்கள். சத்தம் வராத பெயர்களுக்கு அவன் எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கத் தெரியவில்லை. நான் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அவன் மியாப்பூரில் வாட்ச்மேன் அறையில் இருக்கிறான் சார், இரண்டு வருடமாகிறது என்று ஒருவன் சொன்னான். இவள் அண்ணனுக்குச் சமைத்துப் போடுகிறாள் சார் என்று இன்னொருத்தி. இவர்கள் அத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறதே என்ற பெருமையோடு சொன்னார்கள்.

பருத்திக்குப் போனவர்கள் இருபத்தாறு பேர்தான். அவர்களிலும் எட்டுப் பேர்தான் திரும்பினார்கள். மற்ற இருபத்தொன்று பேர் பட்டணத்துக்குப் போய் வருடக்கணக்காகிறது. பெயரை அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வர ஓர் இடம் இல்லாமல் போய்விடும் என்று நான் அடிக்கவில்லை. அப்படி மூன்று பேர் திரும்பி வந்து பத்தாவது எழுதியும் இருக்கிறார்கள். முதலில் அதற்காகத்தான் செய்தேன். பிறகு எழுபத்தைந்துக்காகவும் செய்தேன். உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் சிவப்பு மையில் திருத்துவீர்கள் என்று பயந்தேன்.

பள்ளியை மூடுவது என்று முடிவாகிவிட்டது. ஏப்ரல் 23 கடைசி நாள். என்னை ஒரு வருடம் முன்பே விலகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மே கடைசி வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்கிறார்கள்.

சிரீஷாவின் அப்பா வந்தார். பொறுமையான மனிதர். “பள்ளி உங்களோடது சார், பொண்ணு என்னோடது. பஸ் பத்தரைக்குன்னா நான் என்ன செய்யட்டும்?” என்றார்.

தாள் இப்போது வருவதில்லை. சிரீஷா இன்னும் எண்ணுகிறாள். எழுதித் தருவதில்லை.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலேப்


லோத்குண்டா
10 மே 2025

அன்புள்ள தம்பி கலேப்புக்கு, கர்த்தர் உன்னோடு இருப்பாராக. நீ எப்படி இருக்கிறாய், சரியாகத் தூங்குகிறாயா, யார் சமைக்கிறார்கள்? எனக்கு ஏப்ரலில் ஒரு வேலையாக வெயிலில் வெளியே போய் வந்ததில் ஒரு வாரம் படுக்கை. இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

உன் மார்ச் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. நான்கு தடவை எழுதினேன். ஒன்றும் அனுப்பும்படியாக இல்லை.

இதை மட்டும் கேள். என் வீட்டு மாடி அறை சும்மாதான் இருக்கிறது. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. தலைமை ஆசிரியை சுஷ்மாவைப் போய்ப் பார்த்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சிரீஷா ஒரு வருடம் என்னோடு இருக்கட்டும். அவள் அப்பாவிடம் சொல், நான் தனிக்கட்டை, வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஜூன் 12 பள்ளி திறக்கிறது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பதினான்கு கிலோமீட்டர் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள்? எண்ணோடு எழுது.

இதை எழுதும்போது மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

ஆனி


ஜஹீராபாத்
29 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு, கலேப் ஸ்தோத்திரம். மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுகவீனமோ என்று கவலை. குவார்ட்டர்ஸை ஏப்ரல் முப்பதுக்குள்ளேயே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் பழைய மாணவன் ராகவேந்திராவின் வீட்டு முன் அறையில் இருக்கிறேன். மேலே உள்ளது புது முகவரி. முன்பே தெரிவிக்காதது என் தவறு. எழுத உட்கார்ந்தால் கை போகவில்லை.

போன வாரம் பள்ளிச் சாவிகளை ஒப்படைக்கப் போர்டு அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு ஒன்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஏப்ரல்ல ஆன்ட்டி வந்தாங்க சார். புக்ல இருக்கிற நம்பர் எல்லாம் தப்பு, அந்தப் பொண்ணுக்கு எண்ணவே தெரியாது, எனக்கும் கண்ணு சரியில்ல, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னாங்க. நான் புக்கை எடுத்து முன்னாடி வச்சேன். ஒரு இடத்துல நாற்பத்தொன்பதை அடிச்சு நாற்பத்தெட்டுன்னு போட்டிருக்காங்க. இதுவும் கண்ணு சரியில்லாமத்தானா ஆன்ட்டின்னு கேட்டேன். தண்ணி குடுத்தா நக்கோ, வேண்டாம்னுட்டு எழுந்து போயிட்டாங்க. பஸ்லதான் வந்திருக்காங்கன்னு வாட்ச்மேன் சொன்னான். நாற்பத்திரண்டு டிகிரி சார் அன்னைக்கு.”

மதினி, நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சிரீஷாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அவளை ஜூன் 8ஆம் தேதி குஷாய்குடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். எட்டு மாதக் குழந்தையை இவள் பார்த்துக்கொள்கிறாள். அவள் அப்பா என்னைத் தேடி வந்து ஒரு தாள் கொடுத்தார். மேடத்துக்கு அனுப்பச் சொன்னாளாம். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கொதிப்பு நூற்று அறுபத்தைந்து. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

கலேப்


லோத்குண்டா
12 ஜூலை 2025

அன்புள்ள தம்பி கலேப்புக்கு, ஆனி எழுதுவது. நான் நலம்.

மே மாதம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எர்ரவாகு முகவரிக்குத்தான். கதவு பூட்டியிருக்கிறது என்று எழுதி ஜூன் 18ஆம் தேதி என்னிடமே திரும்பி வந்தது. அதைப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு போன் செய்யச் சொல்லியிருக்கலாம். முக்கியமான விஷயத்தைப் பிறத்தியார் வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சிரீஷாவின் தாள் வந்தது. குஷாய்குடா வாரச் செய்தி, எண் ஒன்று. வீட்டில் இருப்போர் நான்கு பேர். குழாயில் தண்ணீர் வந்த நாள்கள் மூன்று. குழந்தைக்கு முளைத்த பற்கள் இரண்டு. காலை எட்டேகாலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் நிற்கிறது. ஏறுவோர் திங்கள் பதினேழு, செவ்வாய் பதினேழு, புதன் பதினாறு, ஒருவனுக்குக் காய்ச்சல் என்று அவன் தாய் சொல்கிறாள். வியாழன் பதினேழு. எனக்குக் கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருக்கிறாள். ஒரு பிழை இல்லை.

நான் பார்க்காத ஒன்றுக்கு இனிக் கையெழுத்துப் போடக் கூடாது என்று புதன்கிழமை காலை ஆட்டோ பிடித்துப் போனேன். அவள் அக்கா வீட்டின் கதவு எண்ணை அவள் தாளின் மேலேயே எழுதியிருந்தாள். எட்டு மணிக்கே போய்த் தெருமுனைக் கடை ஓரத்தில் நின்றேன். வேன் வந்தது. எண்ணினேன். எதிரே முதல் மாடியில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேனைப் பார்த்தபடி மற்றக் கையில் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை அதுவரை பார்த்ததில்லை. நான் நினைத்ததைவிடச் சின்னவளாக இருக்கிறாள்.

மேலே ஏறினேன். பதினெட்டுப் படி. அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாடி அறையைப் பற்றி, சுஷ்மாவின் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினாள். மே மாதம் கேட்டிருந்தால் அப்பா அனுப்பியிருப்பார் அம்மா, எனக்கும் அப்போது வேலை இல்லை, இப்போது சேர்ந்துவிட்டேன், குழந்தையை யாரிடம் விடுவது என்றாள். தை மாதம் தங்கைக்கு நிச்சயம் செய்யப் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னாள். சிரீஷா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எந்தப் பள்ளியிலிருந்து வருகிறீர்கள் மேடம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாக்கியம் சரியாக இருந்தது. எந்தப் பள்ளியும் இல்லை என்றேன். என் பெயரைச் சொல்லவில்லை. கிரேஸின் மகனிடம் அவளைப் பற்றி நான் சொன்னதை அவள் அறிய மாட்டாள் என்று உன் கடிதத்தில் படித்திருந்தேன். ஆனாலும் வாயில் வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

வேனில் ஏறியவர்கள் பதினேழு பேர். அவள் எண்ணிக்கை சரி. தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் அப்பா வந்தால் கொடு.

மே மாதக் கடிதத்தைப் பிரித்தால் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும், எத்தனை பேர் அந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று. அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. பரவாயில்லை என்று எழுதினால் போதும்.

ஆனி